கீழ்ப்படிதலின் எல்லை: பாமாவின் ‘கருக்கு’ காட்டும் ஆன்மிக அத்துமீறலும் மீட்சியும் – செங்கல்பட்டு வட்டாரக் கிறித்தவ வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பாமாவின் ‘கருக்கு’ (1992) தலித் தன்வரலாறு என்ற நிலையிலும் வட்டார வழக்கில் அமைந்த எழுத்து என்ற நிலையிலும் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அந்நூலின் மையத்தில் உள்ள துறவு மட வாழ்வும் அதிலிருந்து வெளியேறுதலும் பெரும்பாலும் சாதி ஒடுக்குமுறைக்கு மேலும் ஒரு சான்றாகவே வாசிக்கப்பட்டுள்ளன. சமயச் சட்டத்தின் பெயரால் மனச்சான்று கட்டுப்படுத்தப்படுவதையும் அக்கட்டுப்பாட்டிலிருந்து ஒருவர் மீள்வதையும் தனியே ஆராய்வதற்கு ‘கருக்கு’ இடம் தருகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் மறைப்பணி வரலாறும் அவ்வட்டாரப் பறையர் சமயம் பற்றிய ஆய்வுகளும் இதற்குப் பின்புலமாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கருக்கு, பாமா, ஆன்மிக அத்துமீறல், சட்டவாதம், கீழ்ப்படிதல், துறவு மடம், செங்கல்பட்டு, தலித் கிறித்தவம், மீட்சி.

முன்னுரை

சமய நிறுவனம் ஒன்றில் அதிகாரம் செலுத்துவோர் இறைவனின் பெயர், மறைநூல், பாவம் பற்றிய அச்சம் ஆகியவற்றைக் கருவியாக்கி ஒருவரின் மனச்சான்றையும் முடிவெடுக்கும் உரிமையையும் கைப்பற்றுவதை ‘ஆன்மிக அத்துமீறல்’ என்ற தொடரால் இக்கட்டுரை குறிக்கிறது. டேவிட் ஜான்சன், ஜெஃப் வான்வாண்டரன் ஆகியோர் 1991இல் எழுதிய நூல் இக்கருத்தை அமெரிக்க புரொட்டஸ்டண்ட் சபைகளின் சூழலில் பரவலாக்கியது. பிரிட்டனில் லிசா ஓக்லி, ஜஸ்டின் ஹம்ஃப்ரீஸ் ஆகியோரின் 2019ஆம் ஆண்டு நூல் இதனை வற்புறுத்திக் கட்டுப்படுத்தும் நடத்தையின் ஒரு வகையாக விளக்கியது. கத்தோலிக்கத் தலைமையகமும் 2024 நவம்பரில் ஆன்மிக அத்துமீறலைத் திருச்சபைச் சட்டத்தில் தனிக் குற்றமாக வரையறுப்பது பற்றி ஆராயக் குழு அமைக்க முடிவு செய்தது.

‘சட்டவாதம்’ என்பது இதனோடு நெருங்கியது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. விதியைக் கடைப்பிடிப்பதே நம்பிக்கை என்றும், விதியிலிருந்து பிறழ்வது இறைவனிடமிருந்தே பிறழ்வது என்றும் கொள்ளும் மனப்பாங்கே சட்டவாதம். புரொட்டஸ்டண்ட் விவிலிய வழக்கில் ‘நியாயப்பிரமாணம்’ என்றும் கத்தோலிக்க வழக்கில் ‘திருச்சட்டம்’ என்றும் குறிக்கப்படும் சொற்களைச் சூழ்ந்த விவாதம் கலாத்தியர் திருமுகம் அளவுக்குப் பழமையானது. தமிழ்க் கிறித்தவர் அன்றாடப் பேச்சில் ‘பரிசேயத்தனம்’ என்ற சொல் வசையாக வழங்குவதும் இவ்விவாதத்தின் எச்சமே. ஆயினும் தமிழ் இலக்கியத் திறனாய்வு இதனை ஓர் ஆய்வுக் கருத்தாகப் போதிய அளவு எடுத்தாளவில்லை.

கட்டுப்பாடும் அத்துமீறலும்

கடுமையான ஒழுங்குமுறை உள்ள ஒவ்வொரு சமூகமும் அத்துமீறும் சமூகம் ஆகிவிடாது. 1920களில் இலங்கையில் தோன்றித் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் ஊழியர்கள் மணம் புரியாதவர்கள்; உடைமைகளைத் துறந்து பொது இல்லங்களில் கூடி வாழ்பவர்கள்; வெண்ணிற உடை அணிபவர்கள். அணிகலன் மறுப்பும் மருந்தைத் தவிர்த்து இறைவேண்டலால் நலம் பெறும் நம்பிக்கையும் அதன் அடையாளங்கள். தென்னிந்தியப் பெந்தெகொஸ்தே இயக்கம் குறித்த மைக்கேல் பெர்குண்டரின் ஆய்வு இம்மரபை ஒரு துறவியக்கமாக வைத்துப் புரிந்துகொள்ள உதவுகிறது. கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடற்கரையில் பழைய கத்தோலிக்கப் பங்குகளும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தனிச்சபைகளும் அருகருகே அமைந்துள்ளன. இவற்றின் ஒழுங்குமுறைகள் வெவ்வேறானவை. விதியின் கடுமையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் துறவு முழுவதையும் வன்முறை என்று கூற நேரும்.

எனவே அளவுகோலை வேறிடத்தில் தேட வேண்டும். விதியைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டா, அது அதிகாரத்தில் உள்ளவரையும் கட்டுப்படுத்துகிறதா, வெளியேறுபவர் வாழ வழி உண்டா என்னும் மூன்று வினாக்களும் இங்கு முதன்மை பெறுகின்றன. 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பே இவ்வினாக்களை ஓரளவு அறிந்திருக்கிறது. அதன் 618ஆம் விதி துறவு மடத் தலைவர்கள் அதிகாரத்தைப் பணிவிடை உணர்வோடு செலுத்த வேண்டும் என்கிறது. 630ஆம் விதி உறுப்பினர்கள் தம் மனச்சான்றைத் தலைவரிடம் திறந்து காட்டுமாறு அவர்களை எவ்வகையிலும் தூண்டுவதைத் தடை செய்கிறது. 702ஆம் விதியோ வெளியேறுபவர் தாம் செய்த பணிக்காக எதையும் உரிமையாகக் கோர இயலாது என்று கூறி, சபை அவரை நேர்மையோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்ற அறிவுரையைச் சேர்க்கிறது. முதல் இரண்டும் பாதுகாப்புகள். மூன்றாவது விதியில் உரிமை மறைந்து கருணை அதன் இடத்தைப் பிடிக்கிறது. ‘கருக்கு’ நூலின் கதைசொல்லி நிற்பது இந்த இடைவெளியில்தான்.

செங்கல்பட்டு: ‘உண்மையான’ நம்பிக்கை என்ற சோதனை

‘கருக்கு’ விருதுநகர் வட்டாரச் சிற்றூர் ஒன்றின் மண்ணிலிருந்து எழுந்த நூல். துறவு மடத்தை விட்டு வெளியேறிய பின் பாமா ஆசிரியராகப் பணியாற்றி வாழ்ந்த உத்திரமேரூர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு உட்பட்டது என்ற தொடர்பு உண்டு. ஆயினும் ஒப்பீட்டுக்கான முதன்மைக் காரணம் அதுவன்று. தலித் மக்களின் சமய மாற்றத்தைச் ‘சோதிக்கும்’ பார்வை எவ்வாறு உருவாயிற்று என்பதற்குச் செங்கல்பட்டு வரலாறு தெளிவான சான்றுகளைத் தருகிறது.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் அம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து 1891இல் எழுதிய அறிக்கையும், அதனைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணையும் பஞ்சமி நில வரலாற்றின் தொடக்கப் புள்ளிகள். இதே காலத்தில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் ஆடம் ஆண்ட்ரூ முதலிய மறைப்பணியாளர்கள் இம்மாவட்டச் சேரி மக்களிடையே பணியாற்றினர். நிலம், மனை, கடன் ஆகியன பற்றி அரசிடம் முறையிட்டனர். ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூலில் இவ்வரலாற்றை நுணுகி ஆராய்கிறார். நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து பாதுகாப்புத் தேடிக் கூட்டமாக வந்த மக்களை ஏற்ற மறைப்பணியாளர்கள், அவர்கள் வந்தது ஆன்மத் தேவையாலா, வயிற்றுத் தேவையாலா என்ற ஐயத்தால் ஓயாது அலைக்கழிக்கப்பட்டதை அவர் காட்டுகிறார்.

இந்த ஐயத்தின் விளைவு எளியதன்று. பொருள் தேவையும் ஆன்மத் தேவையும் இரு வேறு உலகங்கள் என்ற பிரிவினை, கொடுப்பவருக்கு நடுவர் இருக்கையை அளித்தது. பெறுபவரோ தம் அகத்தின் தூய்மையைத் திரும்பத் திரும்ப மெய்ப்பிக்க வேண்டியவர் ஆனார். அகத்தை நேரில் காண இயலாத நடுவருக்குப் புறச் சான்றுகள் தேவைப்படும். வழிபாட்டுக்கு வருதல், குடியை விடுதல், பழைய தெய்வங்களைக் கைவிடுதல் ஆகியவை அச்சான்றுகளாகும் போது, சட்டவாதத்துக்குக் கொடிய உள்நோக்கம் எதுவும் தேவையில்லை. நல்லெண்ணம் கொண்டவரின் ஐயமே அதற்குப் போதும்.

மறைப்பணி அதிகாரத்தை எதிர்த்து வெளியேறியோரும் இம்மனப்பாங்கிலிருந்து எளிதில் விடுபடவில்லை. திருநெல்வேலிப் பகுதியில் மறைப்பணியாளரோடு முரண்பட்ட அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை 1857 அளவில் ‘இந்து கிறிஸ்தவ சபை’யை நிறுவினார். ஐரோப்பியர் அதிகாரத்தை மறுத்த அச்சபை, சனிக்கிழமை ஓய்வுநாள் உள்ளிட்ட பழைய ஏற்பாட்டு நெறிகளைத் தன் அடையாளமாக ஏற்றது. அதிகாரி மாறினார், விதி வேறு வடிவில் தொடர்ந்தது. தன்மான மீட்பு வேறு, விதியின் பிடியிலிருந்து மீள்வது வேறு என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

‘கருக்கு’: அச்சமும் வாக்குறுதியும்

‘கருக்கு’ நூலில் சமயம் முதலில் அச்சமாகவே அறிமுகமாகிறது. பேய், நரகம், பாவக் கணக்கு, ஒப்புரவு அருட்சாதனம் ஆகியவற்றைக் குழந்தை முதலில் தண்டனையின் மொழியிலேயே கற்கிறது. அதே வேளையில் திருவிழா, பாட்டு, பகிர்ந்துண்ணல் ஆகியவற்றின் மகிழ்ச்சியையும் நூல் மறைக்கவில்லை. சமயத்தை முழுத் தீமையாகக் காட்டாத இந்த நேர்மையே நூலின் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஒருவர் நேசித்த ஒன்றே அவரைக் காயப்படுத்தும்போதுதான் ஆன்மிக அத்துமீறல் தன் முழுப் பொருளைப் பெறுகிறது.

கதைசொல்லி துறவு மடத்தில் சேர்வதன் நோக்கம் ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வி வழங்குதல். பயிற்சிக் காலத்திலேயே தலித் பெண்களைச் சில துறவு சபைகள் ஏற்பதில்லை என்பது அவருக்குத் தெரியவருகிறது. பின்னர்ப் பணியிடத்தில் வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் மடத்தையும், வேலையாட்களாக மட்டும் அங்கு இடம் பெறும் தலித் மக்களையும் அவர் காண்கிறார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வாக்குறுதிகளுள் ஏழ்மை அங்கு வசதியான வாழ்வின் மேற்பூச்சாகிவிட்டது. அதைக் கேள்வி கேட்பதற்கான வாயிலைக் கீழ்ப்படிதல் அடைத்துவிடுகிறது. ஒரு வாக்குறுதியின் மீறலை மற்றொரு வாக்குறுதி பாதுகாக்கும் இந்த அமைப்பே ‘கருக்கு’ தரும் முதன்மையான கண்டறிதல் என்று இக்கட்டுரை கருதுகிறது. விதி இங்கு கீழிருப்பவரை மட்டும் கட்டுகிறது. மேலிருப்பவருக்கு அது காப்பாகிறது.

இத்துன்பம் சாதியால் வந்ததா, துறவு மடத்தின் அதிகார அமைப்பால் வந்ததா என்ற வினாவைப் பெரும்பாலான வாசிப்புகள் எழுப்புவதில்லை. சாதி என்ற விடையோடு நின்றுவிடுகின்றன. கேரளத்தின் சிஸ்டர் ஜெஸ்மி 2009இல் மலையாளத்தில் வெளியிட்ட ‘ஆமென்’ என்ற தன்வரலாற்றை அருகில் வைத்தால் இவ்வினாவின் தேவை விளங்கும். அதன் ஆசிரியர் சிரியன் கத்தோலிக்கப் பின்னணியினர். கல்லூரி முதல்வராக இருந்தவர். சாதிப் படிநிலையில் தாழ்த்தப்பட்டவர் அல்லர். ஆயினும் கீழ்ப்படிதலின் பெயரால் தம் குரல் ஒடுக்கப்பட்டதாகவே அவரும் எழுதுகிறார். ஆகவே சாதி இல்லாத இடத்திலும் இந்தத் தீங்கு நிகழக்கூடும் என்று கருத இடமுண்டு. ‘கருக்கு’ நூலில் இரு தீங்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. கீழ்ப்படிதல் என்ற துறவு அறம், தலித் பெண்ணிடம் சாதிச் சமூகம் ஏற்கெனவே எதிர்பார்த்து வந்த பணிவோடு பொருந்திவிடுகிறது. பிறருக்குத் தன்முனைப்பை அடக்கும் பயிற்சியாக அமைவது, தன்மதிப்பே மறுக்கப்பட்டு வந்தவருக்கு அம்மறுப்பின் தொடர்ச்சியாகிறது. இரண்டையும் பிரித்தறிவது சாதி பற்றிய வாசிப்பைப் பலவீனப்படுத்தாது; சாதி எந்த வழியில் புனித வடிவம் பெறுகிறது என்பதைக் காட்டி அதனைக் கூர்மையாக்கும்.

மீட்சியின் வடிவம்

‘கருக்கு’ காலவரிசையில் செல்லாத நூல். துறவு மட அனுபவம் ஒரே இயலில் சொல்லி முடிக்கப்படாமல், ஊர், உழைப்பு, விளையாட்டு, கல்வி பற்றிய விவரிப்புகளுக்கிடையே மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது. இதனைக் கட்டமைப்புத் தளர்ச்சி என்று கொள்வதற்கில்லை. காயம்பட்ட நினைவு ஒரே முறையில் சொல்லித் தீர்வதில்லை. வேறு வேறு வாயில்களிலிருந்து அதனை அணுக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கதைசொல்லி ஊரின் நினைவிலிருந்து வலிமை பெற்று மடத்தின் நினைவை எதிர்கொள்கிறார்.

மொழியும் இவ்வாறே செயல்படுகிறது. மறைக்கல்வியின் செப்பமான மொழியும் மடத்தின் அடக்கமான மொழியும் கதைசொல்லிக்குப் பிறரால் அளிக்கப்பட்டவை. ஊரின் பேச்சு வழக்கில் தன் சமய வாழ்வை எழுதுவது, அதுவரை தீர்ப்புக்கு உட்பட்டு நின்றவர் தாமே தீர்ப்பளிக்கும் இடத்துக்கு நகர்வதாகும். பணிவைப் போதிக்கும் இயேசுவுக்கு மாற்றாக, ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்று சினம் கொள்ளும் இயேசுவை அவர் மறைநூலில் கண்டடைகிறார். மறைநூலைக் கைவிடாமல், அதனைப் படிக்கும் உரிமையைத் தன் கைக்கு அவர் மீட்டெடுக்கிறார். சட்டம்பிள்ளையின் வழியிலிருந்து ‘கருக்கு’ பிரியும் இடமும் இதுவே. பழைய விதிக்கு எதிராகப் புதிய விதி எதையும் அது வகுக்கவில்லை.

செங்கல்பட்டு வட்டாரம் இங்கு மறுபடியும் துணை நிற்கிறது. சத்தியநாதன் கிளார்க் 1998இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வட்டாரப் பறையர் மக்களின் எல்லையம்மன் வழிபாட்டையும் பறை இசையையும் ஆராய்ந்தார். எழுத்தையும் போதனையையும் மையமாகக் கொண்ட கிறித்தவ இறையியல் புறத்தே நிறுத்திய பறை, அம்மக்கள் தெய்வத்தை உணர்ந்த வழி என்பது அவர் வாதம். விதியால் தீட்டென்றும் மூடத்தனமென்றும் விலக்கப்பட்டவற்றுள் ஒரு சமூகத்தின் மெய்யான ஆன்மிக வளம் புதைந்திருக்கலாம். விதியின் பிடியிலிருந்து மீள்வது என்பது விதியை உதறுவதோடு முடிவதில்லை. விதி எதனை மதிப்பற்றதாக்கியதோ அதனை மதிப்போடு திரும்பப் பெறுவதும் அதில் அடங்கும். கிளார்க்குக்குப் பறை எதுவோ, பாமாவுக்கு ஊர்ப் பேச்சும் சேரிப் பெண்களின் சிரிப்பும் உழைப்பும் அதுவே. ஒரு வேறுபாடும் உண்டு. கிளார்க் பறையை இறையியலுக்குள் கொண்டுவர முயல்கிறார். பாமா ஊர்ப் பேச்சை எந்த இறையியலுக்கும் ஒப்படைக்கவில்லை.

வெற்றிக் கதையா?

‘கருக்கு’ பற்றிய பாராட்டுரைகள் பலவற்றில் துறவு மடத்திலிருந்து ஊருக்குத் திரும்புதல் விடுதலைப் பயணமாகப் புகழப்படுகிறது. நூலோ அவ்வாறு நிறைவு காணவில்லை. வெளியேறிய கதைசொல்லிக்கு வேலை இல்லை, சேமிப்பு இல்லை, துறவு வாழ்வுக்குப் பழகிவிட்டவருக்கு வெளியுலகின் நடைமுறைகளும் அயலாகிவிட்டன. மணமாகாத பெண்ணாகத் தனித்து வாழ்வதை ஊரும் ஐயத்தோடு பார்க்கிறது. முன்னர்க் குறிப்பிட்ட 702ஆம் விதியின் பொருள் இங்கு ஒரு பெண்ணின் அன்றாடமாகிறது. வாழ வழியில்லாத வெளியேற்றத்தை முழு விடுதலை என்று கொண்டாடுவது, பொருள் தேவையையும் ஆன்மத் தேவையையும் பிரித்த பழைய மறைப்பணிப் பார்வையையே திறனாய்விலும் தொடர்வதாகும்.

இப்பிரிவினை பொய்யானது என்பதற்குச் செங்கல்பட்டின் அண்மை வரலாறும் சான்று. 1994 அக்டோபர் 10இல் காரணைப் பஞ்சமி நிலம் தொடர்பான போராட்டத்தின்போது செங்கல்பட்டில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். 1892 அரசாணையின் நிலத்தை மீட்க நூறாண்டு கழித்தும் உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தகைய ஒரு சமூகத்தில் நிலமும் மதிப்பும் நம்பிக்கையும் தனித்தனி வினாக்களாக இருக்க இயலாது. கிறித்தவரான தலித் மக்களைப் பட்டியல் இனத்திலிருந்து விலக்கும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையும் நம்பிக்கைக்குப் பொருள் விலை வைப்பதே.

நிறுவனத்தின் தரப்பில் மாற்றம் இல்லாமல் இல்லை. 2002இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. அதன் முதல் ஆயர் நீதிநாதன், இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் தலித், பிற்படுத்தப்பட்டோர் பணிக்குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில், 2016இல் தலித் கிறித்தவர் மேம்பாட்டுக் கொள்கை வெளியிடப்பட்டது. சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள் நிலவுவதை அக்கொள்கை ஒப்புக்கொள்கிறது. ஆயினும் ஒப்புதல் சாதியைப் பற்றியது. கீழ்ப்படிதலின் பெயரால் நிகழும் ஒடுக்குதல் தனி வினாவாகவே எஞ்சி நிற்கிறது. ‘கருக்கு’ இவ்விரண்டையும் சேர்த்தே முன்வைத்தது என்பதால் முதல் வினாவுக்கான விடையை இரண்டாவதற்கும் விடையாகக் கொள்ள இயலாது.

நூலின் வரம்பையும் சுட்ட வேண்டும். மடத்துக்குள் உள்ள பிற பெண்களைக் ‘கருக்கு’ பெரும்பாலும் ஒரே கூட்டமாகக் காண்கிறது. அவர்களுள் எவரேனும் அதே விதியால் நசுக்கப்பட்டனரா, வெளியேற இயலாமல் தங்கினரா என்பதை நூல் ஆழ்ந்து நோக்கவில்லை. தன் காயத்தை முதன்முறையாகச் சொல்லத் துணியும் ஓர் எழுத்திடம் இதனைக் குறையாக வற்புறுத்துவது முறையன்று. தங்கியோரின் மௌனத்தை எழுதும் கடமை பின்வரும் எழுத்துக்கு உரியது.

முடிவுரை

சமய விதியின் கடுமையால் மட்டும் அத்துமீறல் பிறப்பதில்லை. கேள்வி கேட்கும் உரிமை, விதியின் பொதுமை, வெளியேறுபவரின் வாழ்வாதாரம் ஆகிய மூன்றும் மறுக்கப்படும் இடத்தில் அது வேர் கொள்கிறது. செங்கல்பட்டு மறைப்பணி வரலாறு, நல்லெண்ணத்தின் ஐயமும் சட்டவாதத்துக்கு வழிவகுக்கும் என்பதைக் காட்டுகிறது. ‘கருக்கு’ அதே அமைப்பை, சோதிக்கப்பட்டவரின் பக்கத்திலிருந்து எழுதுகிறது. அந்நூலில் மீட்சி என்பது நம்பிக்கையைத் துறப்பதுமன்று, புதிய சபை காண்பதுமன்று. தன் மொழியையும் மறைநூலைத் தானே வாசிக்கும் உரிமையையும் திரும்பப் பெறுவதே அங்கு மீட்சியாகிறது. அம்மீட்சி உலையில் அரிசி இல்லாத வீட்டில் தொடங்குகிறது என்பதையும் நூல் மறைக்கவில்லை. தலித் இலக்கிய ஆய்வு இதனைக் கருத்தில் கொண்டால், துறவு மட இயல்கள் பின்னிணைப்பு என்ற நிலையிலிருந்து நூலின் நடுப்பகுதிக்கு வரும். துறவு மடங்களிலிருந்தும் சபைகளிலிருந்தும் வெளியேறியோரின் வாய்மொழிகளைத் தமிழில் தொகுத்து ஆராயும் பணிக்கும் ‘கருக்கு’ அப்போது முதல் நூலாக அமையும்.